கீழே ஒண்ணுமில்ல

— அப்போ உன் வாயால சொல்லிடு அக்கா. கீழே ஒண்ணுமில்லன்னு சொல்லிடு.

— ஒண்ணுமே இல்லன்னு நான் எப்போடா சொன்னேன்? எடுக்கற அளவுக்கு இல்லன்னுதான் சொன்னேன்.

— பாத்தியா, பாத்தியா. இதான் உங்க ஆபீஸ் பேச்சு. இருக்குன்னும் சொல்ல மாட்டீங்க, இல்லன்னும் சொல்ல மாட்டீங்க. வாளிய விட்டா தண்ணி வரும், இல்ல வராது. நடுவுல என்ன இருக்கு?

— நடுவுலதான்டா என் பொழப்பே இருக்கு. எண்ணெய் கீழே குளம் மாதிரி கெடக்கும்னு நெனச்சியா? பாறையில ஊறிக் கெடக்கும். முதல்ல தானா பீச்சி அடிச்சுது. அப்புறம் பம்பு வெச்சு உறிஞ்சினோம். அப்புறம் தண்ணிய உள்ளே தள்ளி வெளியே வரவெச்சோம். இப்போ பத்து பீப்பாய் ஏத்தினா ஒம்பது பீப்பாய் நாம உள்ள விட்ட தண்ணியே திரும்பி வருது. அத எவன் வாங்குவான்?

— சரி, வெச்சுக்கோ. அது உண்மைன்னே வெச்சுக்கோ. எண்ணெய் தீந்து போன ஊர்ல என் வீட்டை எதுக்கு உங்க கம்பெனிக்காரன் வாங்கறான்?

— அண்ணி, முதல்ல நீங்க உக்காருங்க. பஸ்ஸ விட்டு இறங்கினதுல இருந்து நின்னுக்கிட்டே பேசறீங்க. டீ ஆறிப் போச்சு, வேற போடட்டுமா?

— வேணாம்மா, இதே போதும். நீயும் வந்து உக்காரு. உன் புருஷன் என்னை விசாரணைக் கமிஷன்ல நிக்க வெச்ச மாதிரி நிக்க வெச்சிருக்கான்.

— ஒண்ணு சொல்லட்டுமா அண்ணி? ரெண்டு மாசமா இந்த வீட்டுல இதே விசாரணைதான். நீங்க இல்லாதப்போ குற்றவாளிக் கூண்டுல நான்.

— நீ சும்மா இரு. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். பதில் சொல்லாம டீ குடிக்கறா பாரு.

— குடிக்கட்டும்டா, தொண்டை காயுது. என்னடா இது, இவ்வளவு அமைதியா இருக்கு? நம்ம வீடான்னு சந்தேகமா இருக்கு.

— பம்பெல்லாம் நிறுத்திட்டாங்களே. தெருக்கோடியில இருந்துதே, ராத்திரி பகலா தலைய ஆட்டிக்கிட்டு, அது கூட. இத்தனை வருஷம் அந்தக் கிரீச் சத்தத்த திட்டித் திட்டி படுத்தோம். இப்போ அது இல்லாம எனக்குத் தூக்கம் வரல. உன் தம்பி பொண்டாட்டி மட்டும் சந்தோஷமா இருக்கா.

— ஏன் இருக்க மாட்டேன்? கேஸ எரிய விடற அந்தக் குழாய அணைச்சதுக்கு அப்புறம்தான் வெள்ளத் துணி வெள்ளயாவே காயுது. அதுவரைக்கும் நான் துவைக்கறது ஒரு தடவ, புகை துவைக்கறது ஒரு தடவ.

— குழாயவே அணைச்சுட்டாங்களா? அது எனக்குத் தெரியாது.

— உனக்குத் தெரியாதா? எண்ணெய்க் கையிருப்புக் கணக்கு போடற மேடத்துக்கு, அடுப்ப அணைச்சது தெரியாதா?

— எனக்கு எண்ணு மட்டும்தான்டா வரும். இந்த ஊர நான் கம்ப்யூட்டர்ல பாத்தே பல வருஷம் ஆச்சு. அதுல நம்ம தெருவே கிடையாது. மேலே இருக்கறது எதையும் அது காட்டாது.

— அதான் சொல்றேன். நீ மேல இருக்கறதையும் பாக்கல, கீழ இருக்கறதையும் பாக்கல. எவனோ குடுத்த எண்ண வெச்சு எவனோ கேட்ட பதிலச் சொல்ற.

— அப்படிச் சொல்லாதடா. அது தப்பு. எல்லாக் கிணத்தோட அழுத்தமும் எனக்கு வரும். இறங்கிக்கிட்டே போகுது. ஒரு மனுஷனுக்கு நாடி இறங்கற மாதிரி. அதுல ஏமாத்த முடியாது.

— ஏமாத்த முடியாதா? அக்கா, நாம சின்ன வயசுல படிச்ச புஸ்தகம் ஞாபகம் இருக்கா? உலகத்துல எண்ணெய் முப்பது வருஷத்துல தீந்துடும்னு போட்டிருந்துது. அப்பாகிட்ட போய் அழுதேன், உனக்கு வேலை போயிடுமான்னு.

— ஞாபகம் இருக்கு. முழு நாளும் சாப்பிடல நீ.

— போன வாரம் பக்கத்து வீட்டுப் பொண்ணு உக்காந்து மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்கு. என்னம்மான்னு கேட்டா, உலகத்துல எண்ணெய் முப்பது வருஷத்துல தீந்துடும் மாமான்னுது. எனக்கு முடி கொட்டிப் போச்சு, முப்பது வருஷம் மட்டும் அப்படியே இருக்கு. இதுக்கு என்ன சொல்ற?

— சிரிப்புதான் வருது, என்ன சொல்ல. அந்த எண்ணு பொய்யில்லடா. புதுசா கண்டுபிடிச்சா கூடும். விலை ஏறினா கூடும். நேத்து வரைக்கும் கட்டுப்படியாகாத எண்ணெய் இன்னைக்குக் கட்டுப்படியாகும், உடனே அது கையிருப்புல வந்து உக்காந்துக்கும். மண்ணுக்குள்ள ஒரு சொட்டு கூடியிருக்காது.

— அப்போ கையிருப்புங்கறது மண்ணுல இல்ல, மார்க்கெட்டுல இருக்கு.

— பாதி அப்படித்தான். இன்னொரு பாதி இன்னும் மோசம். சில நாடுங்க வருஷா வருஷம் எடுத்துக்கிட்டே இருக்கும், கையிருப்பு மட்டும் அதே எண்ணு. எப்படிங்கன்னு கேட்டா, எடுத்த அளவு புதுசா கண்டுபிடிச்சோம்னு சொல்லும். எங்கேன்னு கேட்டா பதில் வராது. யாரும் போய்ப் பாக்கவும் முடியாது. அவங்க சொல்றதத்தான் நாங்களும் பட்டியல்ல எழுதிக்குவோம். கூட்டத்துல எல்லாரும் தலையாட்டுவோம், வெளியே வந்து காபி குடிக்கறப்போ ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சுக்குவோம்.

— நாங்க இங்க அந்த எண்ண நம்பி வீடு கட்டினோம்.

— தெரியும்டா.

— கம்பெனிக்குக் கடன் வேணும்னா நிறைய இருக்கும்பான். விலை ஏத்தணும்னா தீரப் போகுதும்பான். இந்த ஊர்ல நான் ரெண்டையும் கேட்டிருக்கேன், ஒரே மைக்குல, ஒரே ஆள் பேசினான். சட்டை மட்டும் வேற. இப்போ மூணாவதா வந்து, முடிஞ்சு போச்சு, எங்களுக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு, கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்கன்னு சொல்றான். நான் ஏன் நம்பணும்? சொல்லு.

— ஒண்ணு சொல்லட்டுமா? நம்பறாரோ இல்லயோ அண்ணி, இவர நம்பி தெருவே உக்காந்திருக்கு. நீ போட்டா நாங்க போடறோம்னு. இன்னைக்கு சாயங்காலத்தோட ஸ்கூல்ல கம்பெனி கையெழுத்து வாங்கற டேபிள எடுத்துடுவாங்களாம். அப்புறம் வந்தா பாதி பணம்கூட கிடையாதாம்.

— அது தெரிஞ்சுதான்மா நான் ஓடி வந்தேன்.

— நீயா ஓடி வந்தியா, அனுப்பி வெச்சாங்களா?

— என்னடா கேட்ட?

— கேட்டது கேட்டதுதான். ஊரே கேக்கும். தம்பி முரண்டு பிடிக்கறான், அக்காவ அனுப்புன்னு எவனாவது சொல்லியிருப்பான்.

— என்னங்க, வாய அளந்து பேசுங்க. வீட்டுக்கு வந்தவங்க.

— விடும்மா. அவன் கேக்கறது நியாயம்தான். என்னை யாரும் அனுப்பலடா. அனுப்பறதுக்கு இனிமே யாரும் இல்ல. எங்க பிரிவையே மூடிட்டாங்க. போன வாரம் என் டேபிள காலி பண்ணினேன். செடித்தொட்டி ஒண்ணு, ஒரு கம்பளி, அப்பா குடுத்த அந்தப் பாறைத்துண்டு. அட்டைப்பெட்டி பாதிகூட நிறையல. வாசல்ல இருந்த செக்யூரிட்டி, என்ன மேடம் இவ்வளவுதானான்னு கேட்டான்.

— வேலை போச்சா? உனக்கா?

— எனக்கேதான். இத போன்ல சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.

— அண்ணி, என்ன அண்ணி இது, வந்து இவ்வளவு நேரம் ஆச்சு, இப்போ சொல்றீங்க!

— எப்போ சொல்ல? உள்ள வந்ததும் கூண்டுல ஏத்திட்டான்.

— அக்கா... நான் வேணும்னு கேக்கல.

— வேணும்னுதான் கேட்ட. பரவால்ல. இப்போ கேளு. எனக்கு இனிமே அந்தக் கம்பெனியால காலணா பிரயோஜனம் கிடையாது. நான் அவங்களுக்காகப் பேச வரல. உன் கேள்விக்குப் பதில் சொல்லட்டுமா? உன் வீட்டை அவன் எதுக்கு வாங்கறான்னு?

— சொல்லு.

— மண்ணு கெட்டுப் போச்சுடா. அப்பா காலத்துல இருந்து கசிஞ்சது, கொட்டினது எல்லாம் இந்த மண்ணுலதான் இருக்கு. மூடிட்டுப் போறப்போ, மனுஷங்க குடியிருக்கற இடமா இருந்தா சுத்தம் பண்ணிக் குடுக்கணும். சட்டம் அப்படி. மண்ண ஆள் உசரத்துக்கு வெட்டி எடுத்துட்டு புது மண்ணு போடணும். அதுக்கு ஆகற செலவுல நாலு ஊர வாங்கலாம். ஆனா யாரும் குடியில்லன்னா? ஒரு வேலி, ஒரு எச்சரிக்கைப் பலகை. அவ்வளவுதான்.

— அப்போ கருணைத் தொகைன்னு கடிதாசுல போட்டிருக்கானே...

— கருணை அவனுக்கு அவனே காட்டிக்கற கருணை.

— அட பாவிகளா. இது தெரிஞ்சுமா எங்கள கையெழுத்துப் போடச் சொல்ற?

— தெரிஞ்சதாலதான் சொல்றேன். உனக்கு இந்த மண்ணுல இருக்கறது எண்ணெய் இல்ல, விஷம். இவ மூச்சு இழுக்கறது வாசல்ல வரப்பவே எனக்குக் கேட்டுது. நீ எண்ணெய் இருக்கு, மறைக்கறான், ஒரு நாள் திரும்ப வருவான்னு உக்காந்திருக்க. வர மாட்டான்டா. வேலி போட்டுட்டுப் போயிடுவான். பஸ் நிக்கும், கடை மூடும், நீயும் உன் பட்டறையும் நடுவுல நிப்பீங்க. ரிப்பேருக்கு பம்பு கொண்டு வர ஒரு ஆள் இருக்க மாட்டான்.

— பட்டறைக்கு ஆள் வந்தே நாளாச்சு. நானா போய் துரு தட்டிட்டு வரேன், கை சும்மா இருக்கக் கூடாதுன்னு.

— தெரியும்.

— அக்கா, கடைசியா ஒண்ணு. நீ பாத்த கணக்குக்கும் கீழே? இன்னும் ஆழத்துல?

— அங்க யாரும் துளை போட்டுப் பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்சு இல்ல. பாக்காதத நான் கணக்குல சேக்க முடியாது.

— உனக்குத் தெரிஞ்சு இல்ல.

— எனக்குத் தெரியாம இந்த ஊர்ல துளை போடுவாங்களா? இத்தனை வருஷம் நான்தானே இந்த ஊருக்குக் கணக்கு. சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்தா அதுக்கு அடி ஆழமே கிடையாதுடா. அதுக்கும் கீழே, அதுக்கும் கீழேன்னு போய்க்கிட்டே இருக்கலாம். எனக்கு அலுத்துப் போச்சு.

— எனக்கும்தான். நெஜமாவே அலுத்துப் போச்சு அக்கா. தினம் காலையில எழுந்து யாராவது ஒருத்தர் மேல கோவப்படணும். அந்தக் கூட்டம், இந்தக் கூட்டம். மைக்கப் பிடிச்சுக்கிட்டு, நம்ம காலுக்கு அடியில தங்கம் இருக்குன்னு கத்தறேன். வீட்டுக்கு வந்தா, இருக்கான்னு எனக்கே தெரியல. இவ முகத்தப் பாக்க முடியல.

— என் முகத்துக்கு என்ன கொறச்சல்?

— கொறச்சல் இல்ல தாயே. அதான் சொல்றேன்.

— அப்போ கையெழுத்துப் போடு. போட்டுட்டு வந்து என்கூட கொஞ்ச நாள் இருங்க ரெண்டு பேரும். வீடு சின்னதுதான். வேலை இல்லாதவங்க மூணு பேரு ஒரே கூடத்துல உக்காந்து டிவி பாக்கலாம்.

— இந்தப் பூட்டுக்குப் போன் போடட்டுமா?

— பூட்டா? அது யாரு?

— நம்ம சங்கச் செயலாளர் அண்ணி. வாயத் தொறக்கவே மாட்டாரு, அதனால இவங்க வெச்ச பேரு. ஸ்கூல் வாசல்ல எல்லாரையும் நிறுத்தி வெச்சிருக்கார். இவர் என்ன சொல்றாருன்னு பாத்துட்டு உள்ள போகணும்னு.

— போடுடா. வெயில்ல நிக்கறாங்க பாவம்.

— ஹலோ... ஆமா, நான்தான். அக்கா வந்திருக்கா... ஆமா, அதே அக்காதான்... கேட்டேன்... இல்லயாம். ஒண்ணுமில்லயாம். ஆபீஸுக்காகச் சொல்லல, அவளுக்கே வேலை போச்சு... ஆமாப்பா, நெஜமாத்தான்... நான் நம்பறேன். நான் நம்பறேன்னு சொல்லு... போடச் சொல்லு. எல்லாரையும். யாரு அழறது, அப்பாகூட வேலை பாத்த பெரியவரா?... போன அவர்கிட்ட குடுக்க வேணாம், என்னால பேச முடியாது. நீயே பாத்துக்கோ. நான் பின்னாலயே வரேன். எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வை.

— என்னடா சொன்னான்?

— ஒண்ணும் சொல்லல. பூட்டாச்சே. ஒரு பெருமூச்சு விட்டான், அவ்வளவுதான். பெரியவர்தான் பின்னால இருந்து கத்தினாரு, நம்ம ஊர்ப் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும், நல்லா இருக்கட்டும்னு.

— நான் அவர் முகத்தப் பாத்தே எத்தனையோ வருஷம் ஆச்சு.

— அவர் உன்னை மறக்கல. ஊர்ல இருந்து மேல போன ஒரே ஆளுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. எங்க சட்டை? நல்லதா ஒண்ணு எடு. ஊர விக்கப் போறவன் கிழிஞ்ச சட்டையோட போகக் கூடாது.

— கொடியில இருக்கு. ஏங்க... ஒரு நிமிஷம். போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லட்டுமா?

— சொல்லு.

— கோவப்பட மாட்டீங்களே?

— கோவப்படற தெம்பு தீந்து போச்சுன்னு இப்பதானே சொன்னேன். அதுக்கும் கையிருப்பு இல்ல. சொல்லு.

— நாம அண்ணி வீட்டுக்குப் போயிட்டா என் மெஸ்ஸ மூடணும் இல்லயா? அதுக்கு ஒரு ஆர்டர் வந்திருக்கு. நான் உங்ககிட்ட சொல்லல. கம்பெனி காசு கையால தொட மாட்டேன்னு நீங்க மைக்குல பேசிட்டு வந்தீங்க, அன்னைக்கு மத்தியானம்தான் அந்த ஆள் வந்தான். ஆனா இவன் கம்பெனி ஆள் இல்ல, ஏதோ புதுப் பேரு சொன்னான், வாய்ல நுழையல. வேலையாளுங்களுக்கு சாப்பாடு போடணுமாம்.

— என்ன வேலையாளுங்க?

— அண்ணி சொன்னாங்களே, வேலி போடறவங்களா இருக்கும். நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆர்டர் விடறதுக்கு மனசு வரல, அதான் இப்போ கேக்கறேன். நாம இங்க இல்லாட்டியும் பஸ்ல வந்து போய் செஞ்சுடுவேன். இருபது பேரு இருந்த மெஸ்ஸுல இப்போ ரெண்டு பேரு சாப்பிடறாங்க. அண்ணி வீட்டுல எத்தனை நாள் சும்மா உக்காந்து டிவி பாக்க முடியும்?

— எத்தனை பேருக்கும்மா சாப்பாடு?

— ஆரம்பத்துல நூறு பேருன்னான். அப்புறம் கூடுமாம்.

— வேலி போட நூறு பேரா? ஒரு மாச வேலைக்கு?

— ஒரு மாசம் இல்ல அண்ணி. அதான் எனக்கு சந்தோஷமா இருந்துது. குறைஞ்சது மூணு வருஷம்னு சொன்னான்.

— அக்கா, என்ன முகம் இப்படிப் போகுது? கான்ட்ராக்டர்னா அப்படித்தான் அளப்பான். மூணு வருஷம்பான், மூணு மாசத்துல ஓடிடுவான்.

— நீ இருடா. ஏம்மா, வேளைக்கு சாப்பாடுன்னா, காலை, மதியம், ராத்திரி. அவ்வளவுதானே?

— இல்ல அண்ணி, அது ஒண்ணுதான் கஷ்டம். நடு ராத்திரிக்கும் ஒரு சாப்பாடு வேணுமாம். சுடச்சுட. பாதி பேரு அப்போதான் வேலை மாறுவாங்களாம். நிக்காம நடக்கற வேலையாம். வேலி போடறவனுக்கு நடு ராத்திரியில என்ன பசின்னு நான்கூட கேட்டேன்.

— நடு ராத்திரிக்கு சோறா...

— என்னங்க?

— அப்பாவுக்கு அம்மா அப்படித்தான் சமைப்பா. துளை போட ஆரம்பிச்சுட்டா நடுவுல நிறுத்த முடியாது. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு, உடம்பெல்லாம் சேறோட வந்து...

— தம்பி, அவன திரும்பக் கூப்பிடு. ஸ்கூல்ல இருக்கறவன. சீக்கிரம்.

— பூட்டு... ஹலோ, யாரையும் உள்ள... என்ன?... எத்தனை பேரு?... எல்லாருமா?... இல்ல, ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லப்பா. அப்புறம் பேசறேன்.

— என்னடா?

— தெரு முழுக்கப் போட்டாச்சாம். நான் மட்டும்தான் பாக்கியாம். உனக்கு நன்றி சொல்லச் சொன்னான், அக்கா.

— இல்லடா. இருக்காது. எங்கேயாவது, வேற எங்கேயாவது தள்ளி, பக்கத்து ஊர்ல போடுவாங்களா இருக்கும். ஏம்மா, சமைச்சத எவ்வளவு தூரம் கொண்டு போகணும்னு சொன்னான்? வண்டி அனுப்பறேன்னானா?

— வண்டியெல்லாம் எதுக்கு அண்ணி? வாசல்ல நின்னு கை நீட்டிக் காமிச்சான், இதோ, தெரு காலியானதும் முதல் மெஷின் உங்க வீட்டு இடத்துலதான் நிக்கப் போகுது, சமையலறைய மட்டும் இடிக்காம விடச் சொல்றேன்னு.